மஹருக்கு வந்த சிவப்புக் கார்

எனது பெயர் பதுர்தீன் றுஸைனா. வயது முப்பத்து மூன்று. மாத்தளை நகரில், பள்ளிவாசலுக்குப் பின்னால் இறங்கும் ஒழுங்கையின் கடைசி வீட்டில் கணவருடனும் மகளுடனும் வசிக்கிறேன். தொழில், கறித்தூள் அரைத்துப் பைக்கட்டில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுப்பது. தொழில் என்ற இடத்தில் முதலில் வீட்டுப் பணி என்று எழுதப்பட்டது. நான் ஒத்துக்கொள்ளாததால் வெட்டித் திருத்தப்பட்டது. தமிழில் சொல்வதே எனக்கு வசதி என்பதால், நான் சொல்லச் சொல்லப் பெண் பொலிஸ் உத்தியோகத்தர் ஷிரானி அவர்கள் எழுதுகிறார்.

இன்று காலை என் தம்பி முஸம்மில் கலேவெலப் பாதையில் ஒரு சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் காருடன் பிடிபட்டு, இந்த நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார். அவர் காரைத் திருடிக்கொண்டு ஓடினார் என்று முறைப்பாடு கொடுத்தவர் என் கணவர் முஹம்மது பஸ்லி. தம்பி எல்கடுவப் பாதையில் பஸ் ஓட்டுபவர். கட்டாரில் சாரதி வேலை ஒன்று சரிவந்து, பொலிஸ் நற்சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டு அதற்காகக் காத்திருக்கிறார். அவர் பெயரில் ஒரு திருட்டு வழக்கு விழுந்தால் நற்சான்றும் இல்லை, வேலையும் இல்லை. காரைக் கொடுத்தனுப்பியது நான்தான். ஏன் கொடுத்தனுப்பினேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கும் பஸ்லிக்கும் எட்டு வருடங்களுக்கு முன்னர் நிக்காஹ் நடந்தது. அவர் நகரில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கைக்கூலி என்று ஒரு தொகை கொடுப்பார்கள். அது கூடாது என்று பள்ளிவாசலில் பயான் என்ற மார்க்கப் பிரசங்கம் நடக்கும், பயானைக் கேட்டுவிட்டு வந்து கொடுப்பார்கள். என் வாப்பாவும் இரத்தோட்டையில் இருந்த காணித்துண்டை விற்றுக் கொடுத்தார். அதன் பின்னர் அந்தப் பணத்துடன் பஸ்லி கொழும்புக்குப் போய், ஜப்பானில் யாரோ ஆசை தீர ஓட்டிவிட்டுக் கழித்த அந்தக் காரை வாங்கி வந்தார். இரண்டு கதவுகள், தரையைத் தடவுகிற உயரம், தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் பீங்கான்கள் அதிரும் சத்தம்.

மஹர் என்றால் என்ன என்று உத்தியோகத்தர் கேட்டதால் சொல்கிறேன். நிக்காஹ் நடக்கும்போது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டியது மஹர். கொடுத்த பிறகு அது அவளுடைய சொத்து, அதில் கணவனுக்குக்கூட உரிமை இல்லை. பெரும்பாலும் பவுன் கொடுப்பார்கள். எங்கள் நிக்காஹுக்கு முந்திய கிழமை பஸ்லியின் கூட்டாளி ஒருவர் பெருந்தொகைப் பவுனை மஹராக அறிவித்து மண்டபத்தையே வாய் பிளக்க வைத்திருந்தார். பஸ்லிக்கு அது உள்ளுக்குள் குடைந்துகொண்டே இருந்திருக்கிறது. அவரிடம் கொடுக்கப் பவுன் இல்லை, கார் இருந்தது. ஆகவே நிறைந்த சபையில் ஒலிவாங்கியைக் கையில் வாங்கி, வாசலில் நிற்கும் காரை மஹராகக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். பதிவுகாரர் பேனாவை நிறுத்தி, "யோசிச்சுத்தான் செல்றீங்களா மகன்?" என்று கேட்டார். "எழுதுங்க ஹஸரத்" என்றார் பஸ்லி. பெண்கள் பக்கத்தில் இருந்த எனக்கு எல்லாம் ஒலிபெருக்கியில் கேட்டது. வாப்பாவின் காணி ஒரு சுற்றுச் சுற்றிக் காராக என்னிடமே வருகிறது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.

அதன் பின்னர் முதல் மாதமே காரை என் பெயருக்கு மாற்றிப் பதிவு செய்தும் தந்தார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கெட்ட மனிதர் என்றும் எழுத வேண்டாம். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு முன்னர் அந்தக் காரைக் குளிப்பாட்டித் துடைக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. அவருடைய வாப்பா காலத்தில் பெரிய வியாபாரக் குடும்பம். இப்போது கடை சுருங்கிவிட்டது. காரில் போனால் மட்டும் ஆட்கள் பழையபடி எழுந்து நின்று சலாம் சொல்கிறார்கள் என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது.

முதல் செலவு காப்புறுதி. சாதாரண கார் என்று நினைத்துப் போனவருக்கு, இந்த மாதிரிக் காருக்கு வேறு கணக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பில்லை என் கையில் வைத்து, "உன்ட கார்தானே" என்றார். புதுப்பெண் அல்லவா, எனக்கு அது கொஞ்சல் மாதிரிக் கேட்டது. உம்மா தந்த சங்கிலியை அடகு வைத்துக் கட்டினேன். அதன் பின்னர் டயர் தேய்ந்தது. அந்த மெல்லிய டயர் மாத்தளையிலும் இல்லை, கண்டியிலும் இல்லை. கொழும்பிலிருந்து வந்தபோது, ஒன்று மட்டும் மாற்றக் கூடாது, சோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். "உன்ட கார்தானே" என்றார். என் காப்பும் சோடியாகவே போயிற்று. அதன் பின்னர் முன்விளக்கில் ஒரு கல் பட்டு உடைந்தது. வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் அது, உதிரிப்பாகம் வைத்திருந்தவன் வாய்க்கு வந்ததெல்லாம் விலை. கடைசியில் அந்த ஒரு விளக்குக்குக் கொடுத்த காசில் எங்கள் வீட்டுக் கூரையை மாற்றியிருக்கலாம். கூரை இன்னும் ஒழுகுகிறது.

எங்கள் வாசலுக்கும் ஒழுங்கைக்கும் நடுவில் மழைத்தண்ணீர் போகும் காண் ஒன்று ஓடுகிறது. மற்ற வாகனங்கள் அதைக் கவனிக்காமலே கடந்துவிடும். இந்தக் காரின் அடிவயிறு தட்டும். ஆகவே கார் வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் இரண்டு பலகைகளை நான் தூக்கிப் போட்டு, முன்னால் நின்று, "வாங்க, வாங்க, கொஞ்சம் வலது, நில்லுங்க" என்று சொல்ல வேண்டும். கணவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். அடுத்த வீட்டு அஞ்சலா அக்கா வேலியோரம் நின்று, "முதலாளியம்மாவே வேலைக்காரியா நிக்கிறாங்களே" என்று சிரிப்பார். நானும் சிரித்துவிடுவேன். கார் என்னுடையது, பலகையும் என்னுடையது, ஓட்டுகிறவர் மட்டும் வேறு ஆள்.

மகள் ஜுனைதா பிறந்த அன்று காலையில் வலி கண்டது. பஸ்லி பதறிக்கொண்டு காரை வாசலுக்குக் கொண்டுவந்தார். கதவைத் திறந்து என்னை இறக்கப் பார்த்தார். ஏற்றப் பார்த்தார் என்று சொல்ல முடியாது, அந்தக் காருக்குள் இறங்கத்தான் வேண்டும். என் வயிறு போகவில்லை. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன், காலை முதலில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. அஞ்சலா அக்கா ஓடி வந்து, "ஐயோ, இதுக்குள்ள எப்படிங்க இந்தப் புள்ள போவும்? வாங்க, நம்ம வண்டியில போவோம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் கணவர் ராஜநாயகத்தின் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டார். பஸ்லி காரில் பின்னால் வர வேண்டியது. பலகை போட ஆள் இல்லாததால் அவரே இறங்கிப் போட்டு, அவரே ஏறி, நடுவில் ஒரு பலகை நழுவி, எல்லாம் முடித்து வைத்தியசாலைக்கு வந்தபோது மகள் பிறந்திருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை, அன்றைக்கு அழுதேன்.

அதன் பின்னர் நாட்டில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. கார் என் பெயரில் இருந்ததால், கிழமைக்கு இவ்வளவு என்று பெட்ரோல் பங்கு தரும் கியூ.ஆர். அட்டையும் என் பெயருக்கே வந்தது. பஸ்லி காரை வரிசையில் விட்டுவிட்டுக் கடையைப் பார்க்கப் போய்விடுவார், ஆகவே காருக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது. கற்றுத் தரும்படி கேட்டபோதெல்லாம், "கிளச் எரிஞ்சிடும்" என்று தட்டிக்கழித்துவிடுவார். வரிசை நகரும்போது பின்னால் நின்ற ஆட்கள் காரைத் தள்ளுவார்கள், நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வேன். என் காரின் ஸ்டியரிங்கை நான் பிடித்த நாட்கள் அவ்வளவுதான். மற்றவர்கள் அந்தக் கிழமைப் பங்கில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனார்கள். எங்கள் பங்கு நகரத்தை இரண்டு சுற்றுச் சுற்றத்தான் காணும்.

பில்லில் வராத செலவுகளும் இருந்தன. காரைப் பார்த்த பள்ளிவாசல் நிர்வாகத்தார் எங்கள் சந்தாவை உயர்த்தினார்கள். சொந்தக்காரர்கள் கடன் கேட்டு வந்தார்கள், இல்லை என்றால் வாசலில் நிற்கும் காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். இரத்தோட்டைப் பக்கம் மிளகு கொள்வனவுக்குப் போனால், "இந்தக் காருக்கு எண்ணெய் ஊத்த காசிருக்கு, எங்களுக்குக் கிலோவுக்குக் கூட்டித்தர காசில்லையா முதலாளி?" என்று தோட்டக்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அதன் பின்னர் பஸ்லி காரைத் தூரத்தில் எங்காவது நிறுத்திவிட்டு, நடந்துபோய் விலை பேசினார். மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்று வாங்கிய காரை, மற்றவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று மறைத்து வைக்கும் நிலை வந்தது. அப்போதாவது விற்றுவிடலாம் என்று சொன்னேன். நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

ஆகவே நான் கறித்தூள் அரைக்கத் தொடங்கினேன். முதலில் கூலிக்கு அரைப்பித்தேன், அதன் பின்னர் சீட்டுப் பிடித்து ஒரு அரைக்கும் மெஷின் வாங்கினேன். பைக்கட்டுகளை உரப்பையில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, எல்கடுவ தோட்டக் கடைகள்வரை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தம்பியின் பஸ் என்றால் மூட்டைக்குக் காசு இல்லை. மற்ற பஸ்களில் நடத்துனர்கள், மிளகாய் நெடியில் ஆட்கள் தும்முகிறார்கள் என்று இறக்கிவிட்டதும் உண்டு. சிறிய வேன் ஒன்று இருந்தால் இரண்டு மடங்கு கடைகளுக்குக் கொடுக்கலாம். இதைப் பஸ்லியிடம் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் காரின் கியர் பொக்ஸ் பழுதானது. மூன்றாவது கியருக்கு மேல் விழாது. கொழும்பிலிருந்து வந்த மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். அன்று மாலை பஸ்லி என்னிடம் வந்து, அரைக்கும் மெஷினை விற்றால் காரைச் சரிசெய்துவிடலாம் என்றார். "மெஷின வித்தா நான் எதை வெச்சு சம்பாதிக்கிற?" என்று கேட்டேன். "உன்ட காருக்குத்தானே கேக்குறேன், எனக்கா கேக்குறேன்?" என்றார்.

அந்தப் பேச்சை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை நம்புவது என்று முடிவு செய்தேன். கார் என்னுடையது, மெஷினும் என்னுடையது. இரண்டில் எதை விற்பது என்று நான்தானே சொல்ல வேண்டும்.

கலேவெலயில் கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்குக் கொடுக்கும் ரொமேஷ் என்பவர், ஒரு வலீமா விருந்தில் இந்தக் காரைப் பார்த்துவிட்டு, கொடுப்பதானால் சொல்லும்படி தன் இலக்கத்தைக் கொடுத்திருந்தார். அவரோடு நான் தொலைபேசியில் பேசினேன். பழுதைச் சொன்னேன், ஒளிக்கவில்லை. மணமக்களை ஏற்றிக்கொண்டு யாரும் வேகமாகப் போவதில்லை, மூன்றாவது கியரே போதும் என்று சிரித்தார். காருக்கு மாற்றாகத் தன்னிடமிருக்கும் சிறிய வேனையும், கையில் கொஞ்சப் பணத்தையும் தருவதாகச் சொன்னார். பேசி முடித்துக்கொண்டோம். பஸ்லியிடம் நேற்று இரவுச் சாப்பாட்டின்போதே, "காரை மாத்தப் போறேன்" என்று சொன்னேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து, "மாத்து, மாத்து" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டுக்கொண்டார்.

இன்று காலை அவர் கடைக்குப் போன பின்னர் தம்பி வந்தார். நான் கையொப்பமிட்ட உரிமை மாற்றப் பத்திரத்தையும் சாவியையும் என் கையால் கொடுத்தேன். "ராத்தா, மச்சான் ஒன்டும் செல்ல மாட்டாரா?" என்று தம்பி கேட்டார். "என்ட சாமான் தம்பி, நீ பயப்படாம ஓட்டு" என்று சொல்லி, பலகைகளைப் போட்டேன். எனக்கு மிளகாய் அரைக்கும் வேலை இருந்ததால் கூடப் போகவில்லை. போயிருந்தால் இந்தக் கரைச்சல் வந்திருக்காது. நகரத்தில் யாரோ கண்டுவிட்டு, மச்சினன் காரைக் கொண்டுபோகிறான் என்று பஸ்லிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எனக்கு ஒரு போன் கோல்கூட எடுக்காமல் நேரே இங்கே வந்து முறைப்பாடு கொடுத்திருக்கிறார்.

அந்த முறைப்பாட்டில், தம்பி காரை அதிவேகமாகச் செலுத்தித் தப்பியோடினார் என்று இருப்பதாக அறிகிறேன். அதை நான் மறுக்கிறேன். மூன்றாவது கியரில் யாரும் தப்பியோட முடியாது. கையைக் காட்டி நிறுத்திய உத்தியோகத்தரே, காருக்குப் பின்னால் ஒரு உழவு இயந்திரம் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்ததாகச் சொல்கிறார்.

இதுவரை நான் சொல்லி முடித்த பின்னர், பொறுப்பதிகாரி என்னையும் கணவரையும் தமது அறைக்கு அழைத்தார். அங்கே நடந்ததையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

பொறுப்பதிகாரி, வாகனப் பதிவு மனைவியின் பெயரில் இருக்கிறதே என்று கணவரிடம் கேட்டார். "பேருக்குத்தான் சேர் அவட பேர்ல இருக்கு. கார் என்ட" என்றார் பஸ்லி. நான் கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அதன் பின்னர், அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பெயருக்குத்தான் என்றால், அவ்வளவு பெரிய சபைக்கு முன்னால் அவர் எனக்குத் தந்த மஹரும் பெயருக்குத்தான். மஹர் இன்னும் கொடுபடவில்லை என்று நான் காதி நீதிமன்றத்துக்குப் போவேன், அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். கார் எனக்குத் தந்தது என்றால், என் தம்பி திருடன் இல்லை. இரண்டில் எது என்று அவரே சொல்லட்டும் என்றேன்.

பஸ்லி அப்போது, முறைப்பாட்டை வாபஸ் வாங்குகிறேன், காரை வீட்டுக்குக் கொண்டுபோவோம் என்றார். பொறுப்பதிகாரிக்கும் அது நல்ல வழியாகத் தெரிந்தது. நான் சம்மதிக்கவில்லை. வாபஸ் வாங்கினால், திருடினான், மச்சான் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டார் என்றுதான் ஊரில் பேச்சு வரும். நற்சான்று கொடுக்கிறவர்களும் அதே கேள்வியைக் கேட்பார்கள். "வாபஸ் வேணாம். அது ஆருட கார் என்டு அவர் வாயால செல்லட்டும்" என்றேன்.

பஸ்லி அறையின் ஜன்னல் வழியாக முற்றத்தில் நிற்கும் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சுற்றி இரண்டு உத்தியோகத்தர்கள் தங்கள் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பின்னர் அவர், "அது றுஸைனாட கார் சேர். நான்தான் மஹரா குடுத்தேன்" என்றார். எழுதுகிறவருக்குக் கேட்கவில்லை என்று மறுபடியும் சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் சொன்னார். கையில் பில் இல்லாமல் அவர் அதைச் சொன்னதை நான் இதற்கு முன்னர் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும் கண் கலங்கியது. அது எனக்காகவா காருக்காகவா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

அதன் பின்னர் தம்பியை வெளியே அழைத்து வந்து, அவர் பெயரில் எந்த முறைப்பாடும் இல்லை என்று புத்தகத்தில் எழுதினார்கள். பயத்தில் அவருடைய சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கார் சாவி தம்பியிடம் நீட்டப்பட்டது. நான் கையை நீட்டி, அதை நானே வாங்கிக்கொண்டேன். ரொமேஷுக்கு கோல் எடுத்து, கார் பின்னேரத்துக்குள் வரும், வேனைக் கழுவ வேண்டாம், எப்படியும் மிளகாய் மூட்டைதான் ஏறப் போகிறது என்று சொன்னேன்.

பொய்யான முறைப்பாடு கொடுத்ததற்காகக் கணவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டுமா என்று கடைசியாக என்னிடம் கேட்கப்பட்டது. வேண்டாம் என்றேன். அப்படியானால் அவரிடமிருந்து வேறு ஏதாவது கோருகிறீர்களா என்று கேட்கப்பட்டது. ஒன்றும் இல்லை, எனது மஹர் இன்றைக்கு என் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளும்படி சொன்னேன்.

நான் சொன்னதையே எழுதியிருக்கிறார்கள். எழுதியதை உத்தியோகத்தர் ஷிரானி அவர்கள் எனக்கு வாசித்துக் காட்டினார், விளங்கிக்கொண்டேன். இதில் பொய் ஒன்றும் இல்லை, கூட்டவோ குறைக்கவோ என்னிடம் எதுவும் இல்லை. யாரும் வற்புறுத்தாமல், என் சொந்த விருப்பத்தின் பேரில் கீழே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ப. றுஸைனா